ஆர்டிஸின் இரண்டு மகன்களும் ஒரே படத்தில்

லவோன் ஹாகனுக்கு முப்பது வருடமாக ஒரே வேலை, அடுத்தவர் தலையைச் சரிசெய்வது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சின்ன ஊர் அச்சகத்தின் பின்னறையில், கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள். குடும்பப் படத்தில் ஒருத்தன் கண்ணை மூடித் தொலைத்திருந்தால், வேறு படத்திலிருந்து அவன் தலையைக் கோடு சுற்றி எடுத்து இங்கே வைப்பாள். தலையைச் சுற்றி ஒரு கட்டம் விழும். மூலையைப் பிடித்து இழுத்தால் முகம் முகமாகவே பெரிதாகும், சிறிதாகும். பக்கவாட்டில் இழுத்தால் பூசணிக்காய்தான். ஐந்து டிகிரிக்கு மேல் சுழற்றினால் கழுத்து காட்டிக் கொடுத்துவிடும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.

லூத்தரன் தேவாலயத்தில், சபைக் குடும்பங்கள் எல்லாவற்றின் படங்களையும் சேர்த்துப் போடும் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் ட்வைட் வந்தாள். எண்பத்தோரு வயது.

"லவோன், பெரியவன் ரோல்ஃபும் நானும் செவ்வாக்கெழம படம் எடுத்துக்கிட்டோம். சின்னவன் டேல் வியாழக்கெழம தனியா வந்து எடுத்துக்கிட்டான். ரெண்டையும் ஒண்ணாக்கிக் குடும்மா."

"பசங்களக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பானுங்க. அதான் கேக்கல."

குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன்மேல் நிறுத்தி மீன் பிடிக்க இருவரும் சேர்ந்து வைத்திருந்த குடிலை, அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் டேல் விற்றுவிட்டான். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஆறு குளிர்காலம் போய்விட்டது. அறுபது தாண்டிய கழுதைகள், ஒரு மரக்குடிலுக்காக! லவோனுக்கு எரிச்சலாக இருந்தது. "அடுத்த புத்தகம் வர எட்டு வருஷமாகும், அப்ப நான் இருப்பனா?" என்று ஆர்டிஸ் கேட்டதும் மறுக்க வாய் வரவில்லை.

டேல் கேமராவுக்குக் கிட்டே நின்றிருந்ததால் மாட்டுக் கொட்டகை மாதிரி பெரிதாக இருந்தான். எண்பத்தெட்டு சதவீதத்துக்குச் சிறிதாக்கி, இரண்டு டிகிரி அம்மா பக்கம் சாய்த்து, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் ரோல்ஃபுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பழக்க தோஷத்தில் அண்ணன் தம்பி இருவர் கண்களையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும் இடத்தில் எல்லாப் படங்களின் மாதிரித் தாள்களும் தொங்கின. படத்தில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் தாளில் சம்மதக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் படம் புத்தகத்தில் வராது. ஆர்டிஸ் மட்டும் போட்டிருந்தாள். அச்சு புதன்கிழமை.

திங்கள் காலை ரோல்ஃப் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன வேல இது? அவன என் உசரத்துக்கு ஏத்தி வச்சிருக்க! நான் அவனவிட ரெண்டு இஞ்சு உசரம். ஊருக்கே தெரியும்."

"அப்ப அவன எடுத்துடவா?"

"எடுக்கவா சொன்னேன்? எறக்கு!"

லவோன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "எவ்வளவுன்னு தெரியாம எறக்க மாட்டேன். நேர்ல நிக்கணும்" என்று சொல்லி, எதிர்க்கடையில் சுத்தியலும் ஆணியும் விற்றுக்கொண்டிருந்த டேலைக் கூப்பிட்டாள்.

வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அது பள்ளிக்கூட காலத்துக் கத" என்றான், அண்ணனைப் பார்க்காமல். இருவரும் பூட்ஸைக் கழற்றி முதுகோடு முதுகாக நின்றார்கள். லவோன் ஸ்டூலில் ஏறி இரண்டு தலைக்கும் மேலாக அடிக்கோலை வைத்தாள். சமமாக நின்றது.

"குதிகாலத் தூக்காதடா" என்றான் ரோல்ஃப்.

"தூக்கல."

"தூக்கல, நான் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றாள் லவோன்.

ரோல்ஃப் தன் முதுகைத் தொட்டுக் காட்டினான். "முதுகெலும்பு நசுங்கிப்போச்சு. ஆபரேஷன் பண்ணாங்க."

"தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன்."

"உள்ள வர்றதுக்கு என்ன கேடு?"

"வெளிய போடான்னிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன்." ரோல்ஃப் தம்பி பக்கம் திரும்பினான். "சொன்னா என்ன? நீ வந்திருக்கணும்டா."

டேல் தலையை ஆட்டினான். ரோல்ஃப் மேஜையில் குனிந்து தாளில் கையெழுத்திட்டு, பேனாவைத் தம்பியிடம் கொடுத்தான்.