திராயானுக்கு எந்தப் பாட்டு

ஸாயெச்சார் பேருந்து நிலையத்திலிருந்து பெர்சிதாவின் குரலைக் கேட்காமல் யாரும் ஊரைவிட்டுப் போனதில்லை. "நெகோட்டின் வண்டி, மூன்றாவது நடைமேடை, ஐந்து நிமிடம் தாமதம்" என்று ஒலிபெருக்கியில் அவள் சொன்னால் அந்த ஐந்து நிமிடத்திலும் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றும். வாரம் முழுக்கச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னல். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மட்டும் செருப்புக்கடை மாடியில் இருந்த உள்ளூர் வானொலி. வயது நாற்பத்தொன்று. ஒரு டிரம்ஸ்காரனைக் கல்யாணம் செய்து, இரண்டே வருடத்தில் அவனையும் டிரம்ஸையும் படியிறக்கி அனுப்பிவிட்டு அம்மாவோடு இருந்தாள்.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'இரண்டு காது'. பெர்சிதா ராக் பக்கம். எதிர்நாற்காலியில் அவள் தம்பி திராயான், ராப் பக்கம். ஆளுக்கு மூன்று பாட்டு. மிச்ச நேரம் சண்டை. நேயர்கள் தொலைபேசியில் ஓட்டுப் போடுவார்கள். தோற்றவர் அடுத்த வியாழன் எல்லோருக்கும் புரெக் பலகாரம் வாங்கி வரவேண்டும், பாலாடைக்கட்டி வைத்தது, சூடாக.

நான் ஊர் வாரப் பத்திரிகையில் இருந்தேன். ஓட்டுகளைக் கோடு போட்டு எண்ணுவது என் வேலை. ஏழு மணிக்கு அச்சுக்குப் போகும் பக்கத்தில் எனக்கு இருந்தது மூன்று வரி இடம். 'ராக் 31, ராப் 28.' அவ்வளவுதான் எழுதுவேன். பேச்சை எழுதியதில்லை, அதற்கு இடமில்லை.

எங்கள் ஊரில் கோடைதோறும் கிதார் விழா நடக்கும். ராக்கைக் குறை சொல்பவனுக்கு ரொட்டிக் கடையில்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். திராயான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. நிலையத்துக்குப் பின்னால் இருந்த பணிமனையில் பேருந்து பழுதுபார்ப்பவன். நகக்கண்ணில் கிரீஸோடு வந்து மைக் முன்னால் உட்காருவான்.

"உங்காளுக்கு அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லணும்னாக்கூட மூணு கிதாரு, ஒரு லாரி ஸ்பீக்கர், மேல புகை எல்லாம் வேணும். எங்காளு வாயைத் தொறந்து சொல்லிருவான், அக்கா."

"சொல்லுவான், நிறுத்தத்தான் தெரியாது. வீட்டுத் தரகன் மாதிரி மூச்சுவிடாம பேசுறதெல்லாம் ஒரு பாட்டாடா? கிதாரு ஒரே சுரத்தைப் புடிச்சு நின்னுதுன்னா அதுல பத்து பேச்சு இருக்கு."

"நிக்கட்டும் நிக்கட்டும். அதுக்குள்ள பஸ்சு கிளம்பிரும்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் லியூபிஷா வயிற்றைப் பிடித்துக்கொள்வார். தொலைபேசி அலறும்.

ஒருமுறை ஒரு கிழவர் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் வாய் கிழிய பேசுறீங்களே, உங்க பொமானாவுக்கு எந்தப் பாட்டு வெக்கணும், அதைச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார். எங்கள் வ்லாஹ் இனத்துக் குடும்பங்களில் செத்தவருக்கு வருடம் முடிந்ததும் கொடுக்கும் பெரிய விருந்து அது. இருவரும் யோசிக்காமல் ஆளுக்கு ஒரு பாட்டுச் சொன்னார்கள். சிரிப்பு. நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ராக் 40, ராப் 22.

திராயான் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செத்தான். வயது முப்பத்தெட்டு; மாரடைப்பு. போர் என்ற பக்கத்து நகரத்துக்குப் போகவேண்டிய வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் உள்ளே வேலை நடக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். "போர் வண்டி, பழுது காரணமாக இருபது நிமிடம் தாமதம்" என்று பெர்சிதா அறிவித்தாள். பத்து நிமிடம் கழித்து அதையே இன்னொரு தடவை அறிவித்தாள். அப்புறம்தான் ஆள் ஓடிவந்தது.

எங்கள் துக்க முறைப்படி அன்றிலிருந்து ஒரு வருடம் அவள் காதில் பாட்டு விழக்கூடாது. பொமானா அன்று முதல் நடனத்தைச் செத்தவர் பெயரைச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்போதுதான் வீட்டாருக்குத் துக்கம் விலகும், அவருக்கும் அந்த உலகத்தில் இசை கிடைக்கும். எந்தப் பாட்டு என்று பெயர் சொல்லிக் கொடுத்தால்தான் போய்ச் சேரும். முதலில் கொடுப்பதுதான் அவரோடு நிற்கும். ரொட்டி, சட்டை, செருப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வானொலிக்காரர் ராதோயே வீட்டுக்கு வந்தார். காப்பியைத் தொடவில்லை.

"பெர்சா, மனசு கேக்கலதான். ஆனா வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தைக் காலியா விட முடியாது. உனக்கு எதிர்ல வேற ஆளை உக்கார வெக்கிறேன். அதுவும் வேணாம்னா விருப்பப் பாடல் போட்டுக்கறேன்."

"அவன் நாற்காலியிலயா?"

"நாற்காலிக்கு என்னம்மா, அது நாற்காலி."

அவள் தாய் மிலுங்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "பாட்டு கூடாது. பேச வேணாம்னு யாரு சொன்னா? போய்ப் பேசு. அந்த நாற்காலியில மட்டும் எவனையும் உக்கார விடாத."

இப்படித்தான் பாட்டே இல்லாத பாட்டுச் சண்டை தொடங்கியது. நிகழ்ச்சியின் தொடக்க இசை எட்டு நொடி. அது முடியும்வரை பெர்சிதா மாடிப்படியில் கதவை அடைத்துக்கொண்டு நிற்பாள். லியூபிஷா கதவைத் தட்டியதும் உள்ளே வருவாள். இரண்டு மைக்கையும் திறந்து வைப்பார்கள். அவள் பக்கத்தை அவள் பேசுவாள். அப்புறம் நாற்காலியை அரை வட்டம் திருப்பி, "திராயான் இதுக்கு என்ன சொல்லுவான்னா" என்று ஆரம்பித்து அவன் பக்கத்தையும் பேசுவாள்.

ஊர் காதைக் கொடுத்தது. இதற்குமுன் இப்படிக் கேட்டதில்லை. அவள் தன் பக்கத்துக்குப் பழசை வைத்துக்கொண்டு, தோன்றுகிற நல்ல வாக்கியங்களையெல்லாம் தம்பிக்குக் கொடுத்தாள். ராப் வாராவாரம் ஜெயித்தது. வாராவாரம் அவளே புரெக் வாங்கிவந்தாள். நானும் லியூபிஷாவும் தின்போம். அவள் புரெக் சுற்றிவந்த காகிதத்தை மடித்துக்கொண்டிருப்பாள். நிலையத்துக் காப்பிக் கடையில் வானொலி ஓடும் என்பதற்காகச் சீட்டு ஜன்னலின் அந்தப் பக்கத்தை அட்டை வைத்து அடைத்திருந்தாள். பயணிகள் குனிந்து கத்த வேண்டியிருந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

டிசம்பரில் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"உங்க தம்பி ஒண்ணு சொல்லுவாரே, 'கூரை இல்லாதவன் சத்தமா பேசித்தான் ஆகணும், செவுரு இருக்கறவனுக்குத்தான் மெல்லப் பாட முடியும்'னு. எங்க வீட்டுக்காரர் போனப்ப அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவருக்கு ஒரு ஓட்டு போட்டுக்குங்க."

பெர்சிதா மைக்கிலிருந்து முகத்தை விலக்கினாள். மூன்று நொடி, நாலு நொடி. வானொலியில் அது பெரிய நேரம். லியூபிஷா விளம்பரப் பாட்டைப் போட்டார். அவள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

படியில் போய்ப் பார்த்தேன்.

"அவன் அதைச் சொல்லலை" என்றாள். "போன மாசம் நான் சொன்னது. சீட்டுக் கிழிக்கும்போது தோணுச்சு."

"இருக்கட்டுமே. அவன் சொல்லக்கூடியதுதானே?"

"அப்படியா? உனக்கு நிச்சயமா தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவன் பேச்சு எனக்கு எவ்வளவோ ஞாபகம் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். படியில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, எது அவன் வாயிலிருந்து கேட்டது, எது அவள் நாற்காலியைத் திருப்பிச் சொன்னது என்று பிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் அவள் வந்தாள். ஆனால் "திராயான் என்ன சொல்லுவான்னா" என்றதும் நின்று நின்று பேசினாள், சாட்சிக்கூண்டில் ஏறியவள்போல.

பிப்ரவரி கடைசியில் பணிமனை ஆட்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். பொமானாவுக்கு முதல் பாட்டை அவர்களே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். 'ஏழாவது மாடி' என்ற ராப் பாட்டு. நீஷ் நகரத்துப் பையன்கள் பாடியது.

"அதுதான்னு யாரு சொன்னா?"

"நீதானே பெர்சா, ரேடியோவுல சொன்ன. இலையுதிர் காலத்துல. அந்தக் கிழவர் கேட்டப்ப அவன் இதைத்தான் சொன்னான்னு."

அன்று மாலை லியூபிஷாவிடம் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "அது இல்லையே. 'பழைய ஸ்டேஷன்'னு ஒண்ணு சொன்னான்னு ஞாபகம். இல்ல, அது அடுத்த வாரம் அவன் போட்ட பாட்டோ என்னமோ."

"பதிவைப் போடுங்க."

"எந்தப் பதிவு?"

"நிகழ்ச்சிப் பதிவு. எல்லாம் வெச்சிருக்கீங்கல்ல?"

லியூபிஷா நாற்காலியில் உட்கார்ந்தார். "முப்பது நாள் வெக்கணும்னு சட்டம். முப்பத்தோராம் நாள் அதுக்கு மேலயே பதிஞ்சிருவேன். இடம் பத்தாதும்மா. அவன் போன அன்னிக்குக் கடைசி நாலு வாரமும் அப்படியே இருந்துச்சு. நீ கேப்பன்னு நெனச்சேன். கேக்கலையே."

"அதுல பாட்டு இருந்துச்சு" என்றாள் பெர்சிதா. "நான் எப்படிக் கேப்பேன்? வருஷம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சதும் வரிசையா உக்காந்து கேக்கலாம்னு இருந்தேன்."

அவள் குரல் உயரவில்லை. தாமதம் அறிவிக்கிற குரலில்தான் சொன்னாள். துக்கம் காக்கிற வீட்டில் பிறக்காத எவளாக இருந்தாலும் முதல் வாரமே அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கி அலமாரியில் வைத்திருப்பாள். இவள் ஒழுங்காகத் துக்கம் காத்தாள். அந்த ஒழுங்கில் அவன் குரல் அழிந்தது.

என் குறிப்பேடுகளைத் தேடிக் கொண்டுபோனேன். கிழவர் கூப்பிட்ட வாரம் கிடைத்தது. ராக் 40, ராப் 22. அதன் பக்கத்தில் புரெக்கின் எண்ணெய்க் கறை ஒன்று. அவள் அந்த 40-இன் மேல் விரலை வைத்தாள்.

"எல்லாரும் எனக்குத்தான் போட்டிருக்காங்க, பாரு" என்றாள்.

அவன் குறுவட்டுகளும் இல்லை. நாற்பதாம் நாளே மிலுங்கா அவன் சட்டைகளோடு சேர்த்து அவற்றை ஒரு பையில் போட்டு, பெயர் சொல்லி, வியன்னாவுக்குக் கிளம்பிய ஒருவனிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்தால்தான் அவனுக்குப் போய்ச் சேரும் என்றுதான்.

பொமானா ஹாலோவோ கிராமத்தில், குடும்ப வீட்டு முற்றத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல வெயில். நீள மேசையில் ரொட்டிகள், மீன், பீன்ஸ், பிராந்தி. ஒவ்வொரு தட்டிலும் மெழுகுவர்த்தி. அக்கார்டியன்காரரும் இரண்டு எக்காளக்காரர்களும் சுவரோரம் நின்றார்கள். பணிமனை ஆட்கள் ஒரு பெரிய ஸ்பீக்கரையும் கொண்டுவந்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் 'ஏழாவது மாடி' இருந்தது. லியூபிஷா 'பழைய ஸ்டேஷன்' கொண்டுவந்திருந்தார்.

பெர்சிதா மெழுகுவர்த்தியோடும் துண்டோடும் நடுவில் வந்து நின்றாள். சடங்கை நடத்திய ஸ்தானா அத்தை கேட்டாள்:

"யாருக்கு?"

"திராயானுக்கு."

"என்ன குடுக்கற?"

"அவனுக்குப் புடிச்ச பாட்டு."

"பேரைச் சொல்லு, கண்ணு. பேர் இல்லாம எப்படிப் போகும்?"

பெர்சிதா லியூபிஷாவைப் பார்த்தாள். பணிமனை ஆட்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருவன் ஸ்பீக்கரின் பொத்தானில் விரல் வைத்து நின்றான். அவள் வாய் திறந்தது. "ஏழா..." என்றாள். நிறுத்தினாள். மெழுகு வழிந்து அவள் கைமேல் விழுந்தது. ஊரில் பாதி அங்கே நின்றது.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள், தாயைப் பார்த்து.

"தெரியாம என்னடி? வருஷம் முழுக்க அவன் பேச்சைத்தானே பேசிக்கிட்டு இருந்த?"

"அதான். நான்தான் பேசினேன்."

மெழுகுவர்த்தி பாதிக்கு வந்துவிட்டது. அது அணைந்தால் எதுவுமே கொடுக்க முடியாது. மிலுங்கா முன்னால் வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். எந்தக் கல்யாணத்திலும் ஆடுகிற பழைய வட்ட நடனம் ஒன்றின் பெயரைச் சொன்னாள். "என் மகன் திராயானுக்கு" என்றாள். அக்கார்டியன் பிடித்துக்கொண்டது.

ஒரு வருடம் கழித்து பெர்சிதாவின் காதில் விழுந்த முதல் இசை அதுதான். துக்கம் விலகவேண்டும் என்றால் ஆடியாக வேண்டும். ஆடினாள். காலடி தப்பவில்லை. மூன்று சுற்று முடித்து மேசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கார்டியன்னா அவனுக்கு ஆகவே ஆகாது" என்றாள். "பல்லுவலி மாதிரி இருக்கும்பான். இது அவன் சொன்னதுதான். சின்ன வயசுல, இதே முற்றத்துல. இது ஒண்ணு நிச்சயமாத் தெரியும்."

நான் பிராந்தியை அவள் பக்கம் தள்ளினேன்.

"ராப் ஜெயிச்சிருக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்லை. ராக்கே ஜெயிச்சிருந்தாலும் அங்க உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பான். இப்ப என்ன செய்வான்? இதையே கேட்டுக்கிட்டு இருக்கணும்."

சுவரோரம் அடுத்த நடனம் ஆரம்பித்தது. பணிமனை ஆட்கள் ஸ்பீக்கரின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் அதைப் போடலாம், தடை இல்லை. ஆனால் போய்ச் சேராது.

அடுத்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கு லியூபிஷா இரண்டு மைக்கையும் திறந்து வைத்துவிட்டுப் படியை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஐந்தேகாலுக்கு ராதோயே விருப்பப் பாடலைப் போடச் சொன்னார். இப்போதும் அதுதான் ஓடுகிறது. பாதிக்கு மேல் அக்கார்டியன்தான் கேட்கிறார்கள்.

பேருந்து நிலையத்தில் அட்டையை எடுத்துவிட்டார்கள். காப்பிக் கடை வானொலி ஜன்னலுக்குள் நன்றாகக் கேட்கிறது. பெர்சிதா அதன் நடுவில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறாள். போர் வண்டி தாமதமானால் மட்டும் அவள் அறிவிப்பதில்லை. ஜன்னலை மூடிவிட்டு நடைமேடைக்கு நடந்துபோய், குனிந்து, வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு வருகிறாள்.