கடற்கரை விளக்குக்கு வந்த ஜாமீன்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு ஜூன் மாதம் மதுரையிலிருந்து சென்னைக்குப் போனேன். சிறு வியாபாரிகள் சூரிய விளக்கு வாங்கக் கடன் ஏற்பாடு செய்வது என் வேலை. பணம் எங்கள் தொண்டு நிறுவனத்துடையது. மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் போட்டு வைத்திருந்தோம். கடன் கேட்கும் ஆளைக் காட்டினால் போதும், வங்கி கொடுத்துவிடும் என்று நம்பிக் கிளம்பியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

தி.நகரில் அறை, நாளைக்கு நூற்றிருபது ரூபாய். கொசுவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மாலையில் பெசன்ட் நகருக்கு ஆட்டோ. ஐம்பது கேட்டவர் நாற்பதுக்கு இறங்கினார். வந்த வேலையைச் சொன்னதும், "அப்போ கஸ்தூரியக்காவைப் பாரு சார். லைட்டு இல்லாம பேஜாராகீது" என்று கடை வாசலிலேயே கொண்டுபோய் விட்டார்.

கஸ்தூரி கடற்கரையில் மீன் வறுத்து விற்பவர். வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றோரக் குடிசை. மண்ணெண்ணெய் தீர்ந்தால் கூட்டம் நிற்கும்போதே கடையைக் கட்ட வேண்டும். அன்றும் ஏழரைக்கே கட்டினார். மசாலா தடவிய மீன் பாதி அப்படியே மிச்சம். எங்கள் விளக்கைப் பகலில் கூரைமேல் வெயிலில் வைத்தால் இரவில் நாலு மணி நேரம் எரியும். விலை மூவாயிரம்.

பட்டா இல்லாதவர் என்பதால் வங்கி ஜாமீன் கேட்டது. "உங்களை நன்றாகத் தெரிந்த, வசதியான ஒருவரை அழைத்து வாருங்கள்" என்றேன். மறுநாள் அவர் அழைத்து வந்தது தண்டல்காரரை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தண்டலில் ஆயிரம் வாங்கினால் தொள்ளாயிரம்தான் கைக்கு வரும், தினம் பத்தாக நூறு நாள் கட்ட வேண்டும்.

வங்கி மேலாளர் என் பக்கம் குனிந்தார். "என்ன சார், வட்டிக்கு விடறவரையே ஜாமீனுக்கு அழைச்சுண்டு வந்திருக்கேளே?"

தண்டல்காரர் காதில் விழுந்துவிட்டது. "வூட்ல ஆத்துத்தண்ணி பூந்த அன்னிக்கும் துட்டு எடுத்து வெச்சிருந்திச்சு சார் இது. என்னைவிட யாருக்குத் தெரியும்?"

விதியில் இடமில்லை என்றார் மேலாளர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒரு வாரம் அலைந்து அடையாறில் ஒரு பள்ளி ஆசிரியரை ஜாமீனுக்குச் சம்மதிக்க வைத்தேன். சந்தோஷமாகக் கடற்கரைக்குப் போனால், கஸ்தூரியின் கடையில் சூரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டரைக்கும் கூட்டம். பணம் தண்டல்காரருடையது.

"எங்கள் வட்டி இதில் கால்வாசிகூட இல்லையே!" என்றேன். உண்மையில் வருத்தமாக இருந்தது.

மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "கம்மிதான் நைனா. ஆனா மாசக் கடைசில மொத்தமா குடுன்னா எங்கேர்ந்து குடுப்பேன்? கைல நின்னா செலவாய்டும். அவரு டெய்லி வந்து வாங்கிக்கினு போறாரு. நீ வருவியா?"

மதுரைக்கு அன்றிரவே எனக்கு ரயில்.

இதே வேலையாகப் போகிறவர்கள் மாலை ஆறுக்குமேல் போங்கள். பகலில் யாரும் பேச மாட்டார்கள். விளக்கு வாங்கும் முன், தினமும் போய் நிற்க ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். நாங்கள் ஒதுக்கவில்லை. எங்கள் பணம் மயிலாப்பூரில் பத்திரமாக இருந்தது. கஸ்தூரியின் விளக்கு தண்டல் வட்டிக்கு எரிந்தது.