பத்தாவது மாதத்துப் பனி

என் வீட்டுக்காரர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே இமயமலை ஏறுகிறவர். கைபேசியைத் தறிச் சட்டத்தில் நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார். கை நூல் சுற்றிய நாடாவை எறியும், கால் மிதியை மிதிக்கும், கண் மட்டும் யாரோ ஒருவன் பனிப்பாறையில் கயிறு கட்டித் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அறுந்து வுழப்போறான் பாரும்மா" என்று பதறுவார். அவன் கயிறு ஒருநாளும் அறுந்ததில்லை. எங்கள் தறிப் பாவில்தான் இழை அறுந்துபோகும்.

நான் உட்காருவது அவருக்குப் பக்கத்தில். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வந்தால் ஒரே ஆள் நெய்ய முடியாது. கரைக்கென்று தனி நாடா உண்டு. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் தள்ளவேண்டும். கோர்வை போடுவது என்று சொல்வோம். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்ததிலிருந்து அந்த இடம் என்னுடையது. அவர் தொண்டையைக் கனைத்தால் நான் நாடாவைத் தள்ளவேண்டும் என்று அர்த்தம். அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், இரண்டு பேரில் யார் வெளியே கிளம்பினாலும் தறி நின்றுவிடும். அதனாலேயே நாங்கள் எங்கேயும் போனதில்லை. திருப்பதி, திருத்தணி, மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன சென்னை. அவ்வளவுதான் எங்கள் பூகோளம்.

ஒரு வருஷம் சித்திரை முதல் நாள், பட்டுக்கடைக்காரர் கொடுத்த புதுத் தமிழ் மாசக் காலண்டரை ஆணியில் மாட்டியவர், பேனாவை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு சாகசப் பயணமாம்.

"பன்னெண்டு எழுதி வச்சா ஒண்ணாவது நடக்காமயா பூடும்?"

"ஒண்ணு நடந்தா சொல்லுங்க, நம்ம பிள்ளையாருக்கு நான் சூறைத்தேங்கா ஒடைக்கிறேன்" என்றேன். கொழுப்புதான் எனக்கு.

சித்திரைக்கு அந்தமானில் கடலுக்கடியில் இறங்கி மீன் பார்ப்பது என்று எழுதினார். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். பாலாற்றங்கரையில் பிறந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று முறைத்தார். பாலாற்றில் மணலில் புரண்டு விளையாடியவர்தானே தவிர, இடுப்பளவு தண்ணீரைப் பார்த்தவர் இல்லை. வைகாசிக்கு லடாக்கில் மோட்டார் சைக்கிள் என்று எழுதிவிட்டு அவரே அடித்தார். வரதர் கருட சேவையை விட்டுவிட்டு எவனாவது ஊரைவிட்டுப் போவானா? அன்றைக்கு எங்கள் வீட்டில் உறவுக்காரர்கள் படுக்க இடமில்லாமல் தறிமேடையில் தலைவைத்துத் தூங்குவார்கள். ஆடிக்கு ஆற்று வெள்ளத்தில் ரப்பர் படகு. ஆடியில்தான் அம்மனுக்குக் கூழ், ஆவணி முகூர்த்தச் சேலைகளும் அப்போதுதான் தறியில் இருக்கும். புரட்டாசியில் காடு சுற்றலாமென்றால் அங்கே முட்டையும் கோழியும்தான் போடுவார்களாம், இவரோ அந்த மாசம் முழுக்க விரதம். ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகைக்கு மட்டும் கொஞ்சம் புத்தியோடு யோசித்திருந்தார். மழையில் தறிக்குழி ஈரம் கண்டு வேலை நிற்கும் மாசமாயிற்றே, அதனால் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒட்டகப் பயணம்! பங்குனியில் ஏகாம்பரநாதருக்குக் கல்யாணம். அதற்கு நாங்கள் இல்லாவிட்டால் எப்படி என்று அந்த மாசத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்.

தை மாசத்துக்கு நேராக மட்டும் 'பனி' என்று ஒரே ஒரு சொல். அதை எழுதும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு நான் கேலியை நிறுத்திக்கொண்டேன். மற்ற மாசமெல்லாம் விளையாட்டு. இது விளையாட்டில்லை. பனியை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது இந்த மனுஷனுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "பட்டு மாதிரி இருக்குமா, உப்பு மாதிரி இருக்குமா, தொட்டாத்தான தெரியும்" என்பார்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற மகள் அந்தக் காலண்டரை வீடியோ காலில் பார்த்துச் சிரித்தாள். வேலை நிரந்தரமானதும் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, பனி ட்ரெக் நான் புக் பண்ணித் தரேன்பா. உனக்கும் அம்மாவுக்கும். எந்த மாசம்?"

இவருக்குச் சந்தோஷத்தில் வாய் குழறியது. காலண்டரைப் பார்த்து விரல்விட்டு எண்ணி, "பத்தாவது மாசம்மா" என்றார்.

டிக்கெட் வாட்சப்பில் வந்தது. அவர் முதலில் செய்த காரியம் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிவந்து என் கையில் கொடுத்ததுதான். பிள்ளையார் கோயில் வாசலில் உடைத்துவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிக்கெட்டைப் படித்தேன். அக்டோபர் என்று போட்டிருந்தது.

"அடியே, பத்துன்னா தை மாசம்டி!" என்று போனில் கத்தினார். "சித்திரை ஒண்ணு, வைகாசி ரெண்டு..."

"ஐயோ அப்பா! பத்துன்னா அக்டோபர்பா! ஒலகம் பூரா அதான்பா!"

உலகம் பூராவும் இருக்கட்டும், காஞ்சிபுரத்தில் பத்து என்றால் தைதான் என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் டிக்கெட்டை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இவர் இடிந்துபோய்த் தறிமேடையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. பயணத்துக்கு அழைத்துப்போகிறவர்கள் தமிழ் பேசுவார்களாமே, கேட்டுத்தான் பாருங்களேன் என்றேன். போனை எடுத்தது ஒரு கோயம்புத்தூர்ப் பெண். எங்களோடு மலைக்கு வரப்போகிறவளும் அவள்தான்.

"ஏம்மா, அக்டோபர்ல அங்க பனி இருக்குமா?"

"காலைல நல்லா இருக்குமுங்க சார். பயங்கரமான பனிங்க."

போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபுர தரிசனம் செய்த திருப்தி.

அதற்குப்பிறகு வீடு வீடாக இல்லை. தீபாவளிக்குக் கொடுக்கவேண்டிய சேலையை ராத்திரி பகல் பாராமல் நெய்து முடித்தோம். விடிந்தால் பாலாற்றங்கரை ஓரிக்கைவரை நடைப் பயிற்சி. மலை ஏறுவதற்குப் பழக்கமாம். முதுகுப் பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு பாலாற்று மணலில் நடந்தார். எதிரே வந்தவளெல்லாம் "இன்னாக்கா, மாமா ரேஷன் வாங்கிக்கினு வராரா?" என்று கேட்டாள். நான் தண்ணீர்க் குடம் தூக்கிய உடம்பு, விடுவிடுவென்று நடந்துவிடுவேன். அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் செடி கொடியைப் பார்ப்பதுபோல் நிற்பார். இந்த மனுஷனுக்குச் செடி கொடியில் என்ன திடீர் அக்கறை என்று நினைத்ததோடு சரி. எனக்கு அதற்குமேல் ஓடவில்லை.

ரயில், பஸ், ஜீப் என்று மாறி மாறிப் போய் இமயமலை அடிவாரம் சேர்ந்தோம். எங்களோடு வந்தவர்கள் எல்லாம் இளவட்டங்கள். ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொன்னாள் கோயம்புத்தூர்ப் பெண். எங்களுக்கு அது வரவில்லை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பாதையை அடைத்துக்கொண்டுதான் போனோம். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவர் மூச்சு வாங்கிக் கனைப்பார். என் கை தானாக நாடாவைத் தேடும்.

முதல் நாள் ஏறியதில் பனி இல்லை. பழுத்த புல்வெளி, பாறை, ஓடை. தூரத்துச் சிகரங்களில் மட்டும் வெள்ளை தெரிந்தது. "காலையில இருக்கும்னு சொல்லிச்சே அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் கூடாரத்துக்குள் படுத்தார்.

விடிந்ததும் அவளே வந்து கூப்பிட்டாள். "சார், வெளிய வாங்க, பனி!"

கம்பளிக் குல்லாவோடு விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். புல் நுனியெல்லாம் முத்து முத்தாக நீர். சுற்றிலும் புகைபோல மூடியிருந்தது. அவர் குனிந்து ஒரு புல்லைத் தொட்டார். விரல் நனைந்தது. அந்த ஈர விரலை அவளிடம் நீட்டினார்.

"இதுவாம்மா பனி?"

"ஆமாங்க சார். செமையா இருக்குதில்லைங்க?"

"எங்க ஊர்லயும் மார்கழியில இருக்குதேம்மா இது" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, நீங்க ஸ்னோவையா கேட்டீங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவனை நான் மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

பாவம், அவள் கண் கலங்கிவிட்டது. மேலே தெரிந்த ஒரு முகட்டைக் காட்டி, போன வாரம் அங்கே கொஞ்சம் விழுந்தது, வெயில் படாத இடுக்கில் இன்னும் கிடக்கும், எல்லாரும் அங்கேதான் ஏறப்போகிறோம் என்றாள். இவர் முகம் மறுபடி மலர்ந்தது. உற்சாகமாக நாலைந்து அடி வைத்தவர், பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கால்சட்டையை நான்தான் சுருட்டிப் பார்த்தேன். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஓரிக்கையில் செடி கொடி பார்த்த கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வலிக்குதுன்னு ஏங்க சொல்லல?" அந்த மலைக்கே கேட்கிறமாதிரி கத்தினேன்.

"சொன்னா நீ கெளம்பியிருப்பியா?"

கிளம்பியிருக்க மாட்டேன்.

"நீ போயிட்டு வாம்மா."

"எனக்கு எதுக்கு? நானா பனி பனின்னு அலைஞ்சேன்?"

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது தொடணும்மா. போட்டோல்லாம் வேணாம், நான் நெறைய பாத்துட்டேன். தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லு."

முகாம் சமையல்காரரிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெந்நீர் ஃபிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏற்றம் செங்குத்து. எனக்கு மூச்சு வாங்கவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அடிக்கொருதரம் என் கண் பக்கத்தில் திரும்பியது. அங்கே கனைக்க ஆள் இல்லை.

முகட்டுக்குப் பின்னால், பாறை இடுக்கில் பனி கிடந்தது. ஓரமெல்லாம் அழுக்கு, நடுவில் கண் கூசும் வெள்ளை. இளவட்டங்கள் ஓவென்று கத்திக்கொண்டு விழுந்து புரண்டார்கள். நான் கால் வைத்தேன். கணுக்கால்வரை உள்ளே போனது, நறநறவென்று ஒரு சத்தம். குனிந்து அள்ளினேன். பட்டும் இல்லை, உப்பும் இல்லை. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது. ஆசைப்பட்டவர் கீழே பாறையில் உட்கார்ந்திருக்கிறார், ஆசைப்படாத நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன். என்ன நியாயம் இது என்று கடவுளைக் கேட்டேன். எங்கள் ஊரில் இத்தனை கோயில் இருக்கிறதே, அத்தனை சாமியையும் நிற்கவைத்துக் கேட்டேன்.

அப்புறம்தான் ஃபிளாஸ்க் ஞாபகம் வந்தது. வெந்நீரைக் கீழே கொட்டினேன். பனியைப் போட்டுக் குலுக்கி ஃபிளாஸ்கின் சூட்டை ஆறவைத்தேன். அதையும் கொட்டிவிட்டு, புட்டுக்குழலில் மாவு அடைப்பதுபோலத் திணித்துத் திணித்து மூடினேன். விரலெல்லாம் மரத்துப்போயிற்று. அந்தப் பெண்ணைப் பார்த்து, "வாம்மா, கீழ எறங்கலாம். இது கரையறதுக்குள்ள போவணும்" என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் மற்றவர்களை உதவியாளரிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தாள். இறங்கினேன் என்பதைவிட உருண்டேன் என்று சொல்லலாம்.

அவர் அதே பாறையில், நான் போன திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்கை நீட்டினேன். வாங்கும்போதே உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் மெதுவாக மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருக்குதும்மா" என்றார்.

ஃபிளாஸ்கை என்னிடம் கொடுத்துவிட்டு, தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வலது கையைக் குழித்து, இடது கையை அதற்கு அடியில் கொடுத்து, சாய்த்து ஊற்றச் சொன்னார். வரதர் சந்நிதியில் தீர்த்தம் வாங்குகிற அதே கை. தண்ணீரோடு ஒரு சின்னக் கட்டியும் வந்து உள்ளங்கையில் விழுந்தது. அது கரையும்வரை கையைக் குழித்தபடியே வைத்திருந்தார். கரைந்ததும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். இதைப் பார்த்து அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு ஃபிளாஸ்கை என் கையிலிருந்து வாங்கி, அடியில் மிச்சமிருந்ததை ஊற்றுவதற்காகச் சாய்த்துப் பிடித்தார்.

"நீயும் வாங்கிக்கோம்மா" என்றார்.

சற்றுமுன் அதே பனியில் கணுக்கால்வரை நின்றுவிட்டு வந்தவள் நான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடது கையை அடியில் கொடுத்து, வலது கையை நீட்டினேன்.