காற்றை மறித்த சுவர்

பிரேமினிக்கு இரண்டு மேசை. ஒன்று ஹட்டனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியறையில். அதில் அவள் வீடுகள் வரைகிறாள். மற்றது கொழும்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில்; அங்கே பிள்ளைகள் வரைந்த வீடுகளைச் சிவப்புப் பேனாவால் குதறுகிறாள். திங்கள் முதல் வியாழன் வரை அங்கே, மிச்ச நாள் இங்கே. "ஆம்பளையக் கட்டிக்காம பஸ்ஸக் கட்டிக்கிட்டா" என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! நாற்பத்தாறு வயதுக்குள் அந்த பஸ் அவளைப் பெரிதாக ஏமாற்றியதில்லை.

அவள் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்துப் பிள்ளை. பத்துக் குடும்பங்களை ஒரே தகரக் கூரைக்குள் வரிசையாக ஒட்டவைத்த லயத்தில் ஏழாவது ஒற்றையறைக் காம்பரா அவர்களுடையது. கதவைத் திறந்தால் போதும், மலைக்காற்று நேரே வந்து குப்பி விளக்கை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். வீட்டுக்கணக்குப் பாதியில் நிற்க விளக்கு போகும்; மறுபடி ஏற்றினால் புகையில் அம்மாவுக்கு இருமல் வரும். அந்தக் காற்றின் மேல் பிரேமினிக்கு வந்த கோபம்தான் அவளைக் கட்டடக் கலைஞர் ஆக்கியது. பன்னிரண்டு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போனாள், பிறகு பல்கலைக்கழகம். லயத்தில் தங்கி வாழத் திரும்பவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் மண்சரிவு அபாயம் என்று சொல்லி அந்த லயத்துக்காரர்களையும் அடுத்த லயத்துக்காரர்களையும் வேறிடத்துக்குக் கிளப்பினார்கள். இருபத்திரண்டு குடும்பத்துக்கு ஏழேழு பேர்ச் அளவுத் துண்டுக் காணியில் தனி வீடு. வரைகிற வேலை பிரேமினிக்கு. விடுவாளா? வாசல் கதவைத் தாண்டி மூன்றரை அடியில் ஒரு குறுக்குச் சுவர் வைத்தாள். காற்று சுவரில் முட்டி நிற்கும். மனிதர் வலப்பக்கம் திரும்பி உள்ளே போவார்கள். முதல் பனிக்காலத்திலேயே அதற்கு "பிரேமினி சுவரு" என்று பெயர் வந்துவிட்டது. பெருமை இருக்காதா பின்னே? வகுப்பில் அதன் படத்தைக் காட்டிக் காட்டியே பாடம் நடத்தினாள். சனங்கள் வீட்டை இடித்துத் தகரம் ஒட்டிக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு காகிதமும் ஒட்டினாள்: என் அனுமதி இல்லாமல் எந்தச் சுவரையும் இடிக்கக் கூடாது. கீழே கையெழுத்து.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அந்த வீடுகளைக் காட்டப் பதினெட்டு மாணவர்களோடு வந்தாள். திருப்பத்தில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. ஒன்பதாம் இலக்க வீடு. மீனம்மாவின் வீடு! ஒரே லயத்தில் வளர்ந்து, ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் உட்கார்ந்த மீனம்மா. அவள் புருஷன் ஆண்டியப்பன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார்.

சவப்பெட்டி வாசலில் நின்றது. ஆறு பேர் தோளில் தாங்கியபடி தூறலில் நின்றார்கள்; ஒருவர் பெட்டிக்குக் குடை பிடித்திருந்தார்.

"என்ன ஜீவராஜ், ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்று ஆண்டியப்பனின் தம்பியைக் கேட்டாள்.

"பெட்டி சுவரத் தாண்டி உள்ள திரும்ப மாட்டேங்குதுங்க மிஸ்." ஏதோ தன் குற்றம்போல அவன் தலையைக் குனிந்தான். "நிமித்திப் பாத்தோம், கதவு நெல இடிக்குது. பின்பக்கம் மண்மேடு. ஜன்னல்ல கம்பி."

"கூடாரம் போட்டு வெளியவே வைப்போமே" என்றார் யாரோ.

உள்ளே இருந்து மீனம்மாவின் குரல் வந்தது. "மூணு தலமொற கம்பெனிக் காம்பராவுல கெடந்தோம். சொந்த வீடுன்னு ஒரு வருசந்தான் இருந்தாரு மனுசன். அவர மழையில போடவா? அவரு வீட்டுக்குள்ள வரணும்."

"அப்ப சுவர இடிக்க வேண்டியதுதானே!" என்று பிரேமினி பதறினாள்.

ஜீவராஜ் கதவுக்குப் பின்னால் கைகாட்டினான். "நீங்க போட்ட கையெழுத்துங்க. அனுமதி கேக்க நாலு தடவ போன் பண்ணோம், லைன் கெடைக்கல."

அட பாவமே! அவள் எழுதிய ஒரு வரிக்கு மரியாதை கொடுத்து ஒரு பிணம் அரைமணி நேரமாக மழையில் நிற்கிறது. பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள். விவரமான ஒருத்தி என்றால், பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வேறு வீட்டைக் காட்டப் போயிருப்பாள்.

பிரேமினிக்குத் தன் அப்பா செத்த நாள் ஞாபகம் வந்தது. பரீட்சை எழுதிவிட்டு ஓடி வந்தபோது நேரே மயானத்துக்குத்தான் வர முடிந்தது. பெட்டி எப்படி வீட்டுக்குள் வந்தது, எப்படி வெளியே போனது என்று அவள் பார்க்கவே இல்லை. நேராகத்தான் போயிருக்கும். காலமெல்லாம் அவள் திட்டித் தீர்த்த அந்த நேர் வாசல் வழியாக.

காகிதத்தைக் கிழித்துச் சுருட்டினாள். "அலவாங்கு குடுங்க. இது கூரையத் தாங்குற சுவர் இல்ல. பயப்படாதீங்க."

அந்தக் கடப்பாரையால் முதல் குத்து அவள் குத்தினாள். நாலு குத்தில் கை ஓய்ந்தது, ஜீவராஜ் வாங்கிக்கொண்டான். மாணவர்கள் கேட்காமலே வரிசையாக நின்று உடைந்த கல்லை வெளியே கடத்தினார்கள். கால்மணி நேரத்தில் ஆண்டியப்பன் தன் வீட்டுக்குள் நேராக வந்தார். பின்னாலேயே காற்றும் வந்து தலைமாட்டு விளக்கை அணைத்தது. மீனம்மா சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினாள். பிரேமினி அதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "இந்த வீட்டுக்கு எனக்கு என்ன மார்க்ஸ் போடுவீங்க?"

பின் இருக்கையிலிருந்து ஷெரோமி என்ற மாணவி மெல்லச் சொன்னாள்: "ஃபெயில், மிஸ்."

"சரியான மார்க்ஸ்" என்றாள் பிரேமினி. அந்த வருடம் முழுக்க வகுப்பில் யாருக்கும் சிவப்புப் பேனா எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபின் மீனம்மாவைப் பார்க்கப் போனாள். மிச்ச இருபத்தொரு வீட்டுச் சுவரையும் எடுத்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். மீனம்மா இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள்.

"ஏன்டி பிரேமி, எப்ப சுவரக் கட்டித் தரப்போற? ஊதக்காத்துல செத்துருவேன் போல இருக்கு."

"இனி எந்த வீட்டுலயும் அந்தச் சுவர் வேணாம் மீனா. ஒரு தடவ பண்ண பாவம் போதும்."

"நல்லா இருக்குடி உன் நியாயம்! சாவு ஒரு நாளு. குளுரு வருசம் முழுக்க." மீனம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். "பலகையில போடு. நாலு கொண்டிய எடுத்தா கழண்டு வர்ற மாதிரி."

பிரேமினி வாயைத் திறக்குமுன் மீனம்மாவே முடித்தாள். "நான் போற அன்னிக்கு அனுமதி கேட்டு உனக்குப் போன் பண்ண என்னால ஏலாதுடி."

இப்போது இருபத்திரண்டு வீட்டிலும் பலகைச் சுவர்தான். கதவுக்குப் பின்னால் காகிதம் இல்லை.