வாங்க, சாப்ட்டீங்களா

எங்கள் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அம்மாவுக்குக் கை கால் ஓடாது. உடனே வீட்டைப் பெருக்க ஆரம்பிப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு கிடக்கும் கிடக்கிறபடி. அவள் முதலில் பிடிப்பது தம்பியைத்தான். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, சவரம் செய்து, எண்ணெய் தடவி வகிடெடுத்து, கழுத்து வரைக்கும் பவுடர் பூசி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, நாற்காலியில் சரியாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் தலையணை சொருகுவாள். அதற்குப் பிறகுதான் தன் புடவை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள்.

தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள். கால் இரண்டும் விறைப்பு. வலது கை மடங்கினது மடங்கினபடியே இருக்கும். அடிக்கடி வலிப்பு வரும். சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டும், கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்பா போன பிறகு திருவொற்றியூரில் இந்த ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

அவன் சின்னப் பையனாக இருந்தபோது ராயபுரத்தில் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து அந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டு, "புள்ளைய இன்னா இவ்ளோ கலீஜா வெச்சிகினு கீறா" என்று சொல்லிவிட்டாளாம். அம்மா சப்பரத்துக்கு முன்னாலேயே அவள் கொண்டையைப் பிடித்துவிட்டாள். எனக்கு வாய்த்திருக்கும் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். அன்றையிலிருந்து பவுடர் போடாத தம்பியை எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை.

பவுடரோடு இன்னொன்றும் உண்டு. தம்பிக்கு வருகிற வார்த்தைகள் கொஞ்சம்தான். ம்மா, க்கா, தண்ணி. ஆனால் வாசலுக்கு ஆள் வந்தால் இடது கையைத் தூக்கி, "வாங்க, சாப்ட்டீங்களா" என்று கேட்பான். முழுசாகக் கேட்பான். இந்த ஒரு வரியை அவன் வாயில் வரவழைக்க அம்மா வருஷக்கணக்கில் பாடுபட்டாள். கரண்டு கணக்கெடுக்க வருபவர், சீட்டுக்காரம்மா, யாராக இருந்தாலும் அவனுக்கு விருந்தாளிதான். பதில் சொல்லாமல் நகர முடியாது, விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பான். சிலிண்டர் போடுகிற அண்ணன் மட்டும் தோளில் இருப்பதை இறக்குவதற்கு முன்னாலேயே, "நான் சாப்ட்டேன் நைனா, நீ நாஸ்தா துன்னியா?" என்பார். தம்பிக்கு அன்றைக்கெல்லாம் சிரிப்பு அடங்காது.

அரசாங்கத்திலிருந்து அவனுக்கு மாதாமாதம் ஒரு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. நான் மசாலா பாக்கெட் போடுகிற கம்பெனியில் வாங்கும் சம்பளம் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போய்விடும். தம்பியின் மாத்திரை அவன் பணத்தில். அம்மா வேலைக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே இருக்க முடிந்ததும் அந்தப் பணத்தால்தான். எங்கள் வீடு அதில் நின்றுகொண்டிருந்தது என்பது அது வந்துகொண்டிருந்த வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

பல வருஷமாக வாங்குகிறவர்களை எல்லாம் மறுபடி நேரில் வந்து பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வந்தார்கள். அன்று எனக்கு வார லீவு. அம்மா விடியற்காலையிலேயே தம்பியைப் பிடித்துவிட்டாள். பெருநாளுக்கு எடுத்த நீலச் சட்டையை எடுத்தபோது நான், "எம்மா, அவங்க இன்னா பொண்ணு பாக்கவா வராங்க?" என்றேன். "நீ வாய மூடு. ஆபீசருங்க வராங்க, எம் புள்ளைய பாத்து மூக்கச் சுளிக்கணுமா?" என்றாள்.

வந்தவர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார். தம்பி கையைத் தூக்கி, "வாங்க, சாப்ட்டீங்களா" என்றான். அவர் அசந்துபோய், "சாப்பிட்டேன் பிரதர்" என்று சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் கையிலிருந்த போனைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தானா சாப்பிடுவாராம்மா?"

"சாப்டுவான் சார். ஸ்பூன் குட்த்தா போதும்."

"எம்மா," என்றேன். அம்மா என்னை முறைத்தாள்.

"பாத்ரூம் போறதெல்லாம்?"

"அதெல்லாம் பழக்கி வெச்சிகீறேன் சார். எம் புள்ள யாருக்கும் பாரமில்ல."

"சார், அப்படியில்ல, எல்லாத்துக்கும் ஆள் வேணும்," என்று நான் குறுக்கே விழுந்தேன். "அவ கெடக்கறா சார், காபி குடிங்க," என்று அம்மா தம்ளரை நீட்டினாள். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தான். கிளம்பும்போது அவர், "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவர் போனதும் நான் அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். அம்மா தம்பியின் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "அவன் காதுல வுழறாப்ல, துணியிலயே போவான்னு எப்டி சொல்றது? அவனுக்குப் புரியாதுன்னு நெனச்சியா?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் பணம் வரவில்லை. தெருமுனைக் கடையில் கைரேகை மெஷினில் பணம் எடுத்துக் கொடுக்கும் பெண், "உங்க கணக்குல ஒண்ணும் ஏறலியேக்கா" என்றாள். அதற்கு அடுத்த மாதமும் அதையே சொன்னாள். ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் தம்பி நீலச் சட்டையில், பவுடரோடு, சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னொருவர் துணை அவ்வளவாகத் தேவையில்லை என்று பதிவாகியிருக்கிறதாம்.

"சார், வூட்டுக்கு வந்தவருன்னு மரியாதைக்குச் சொன்னேன் சார்," என்றாள் அம்மா.

"மரியாதைக்கா?" என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

நான் கத்தினேன். வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, நான் கத்தி ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "மெடிக்கல் போர்டுல திரும்பப் பார்ப்பாங்கம்மா, எழுதிக் குடுத்துட்டுப் போங்க, கூப்பிடுவாங்க" என்றார். எப்போது கூப்பிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள். பொழுது விடிவதற்குள் கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் வருவாள். எனக்குக் காலை ஷிப்ட். இடையில் இருக்கும் நேரம் முழுக்கத் தம்பி தனியாக இருக்க வேண்டும். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போக முடியாது. முழங்கையை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்துவிடுவான், சந்து முனையைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள். ஆகவே பூட்டு வாங்கினோம். சாவி அம்மாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்று. முதல்நாள் நான் பூட்டியபோது உள்ளேயிருந்து "க்கா" என்று கூப்பிட்டான். காதில் விழாததுபோல நடந்தேன்.

அந்த நாட்களில் எனக்கிருந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மிளகாய்த்தூள் பாக்கெட்டை மெஷினில் வைக்கும்போதெல்லாம், இப்போது வலிப்பு வந்திருக்குமோ, நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பானோ, குப்புற விழுந்து மூச்சு முட்டிக் கிடப்பானோ என்று ஓடும். போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும், அடிக்காவிட்டாலும் சந்தேகம் வரும். மாதாவே, மூச்சு மட்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் கதவைத் தள்ளினேன்.

நான் பயந்த வழியில் எதுவும் வரவில்லை, வேறு வழியில் வந்தது. எங்கள் பக்கத்தில் காற்றில் நாற்றம் வருவது புதிதல்ல. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எங்கள் பாட்டுக்கு இருப்போம். அன்று காலையில் வந்தது கண்ணைக் கரித்தது, தொண்டையைப் பிடித்தது. கம்பெனியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்தது. எனக்கும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா இருமிக்கொண்டே, "கேஸு லீக்காயிடுச்சுன்னு எல்லாம் ஓடறாங்க. பசங்கள இட்டுகினு நானும் வந்துட்டேன்மா. சாவி வூட்லயே மாட்டிகினு கீது, தம்பி உள்ள கீறான்" என்று அழுதாள்.

சூப்பர்வைசரிடம் சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. அந்தப் பக்கம் போக ஷேர் ஆட்டோ ஒன்றும் இல்லை, எல்லாம் எதிரே வந்துகொண்டிருந்தன. துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினேன். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தவர்கள், "எங்கம்மா போற, அந்தப் பக்கம் போவாத" என்றார்கள். எங்கள் சந்தில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் திறந்து கிடந்தன, எங்கள் கதவு மட்டும் பூட்டியிருந்தது.

பூட்டைத் திறந்தும் கதவு நகரவில்லை. அவன் உள்ளே கதவோடு ஒட்டிக் கிடந்தான். கதவு கொஞ்சம் விலகியதும் காலை உள்ளே விட்டு அவனை மெதுவாக நகர்த்தினேன். கதவின் கீழ் இடுக்கில் வாயை வைத்துக் காற்றை இழுத்துக்கொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, துணியெல்லாம் ஈரமாகக் கிடந்தான். துப்பட்டாவால் என் முகம் மறைந்திருந்ததால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். இடது கையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, "வாங்க" என்றான். இருமல் வந்து புரட்டியது. இருமி முடித்து, "சாப்ட்டீங்களா" என்றான்.

நான் அவனை மடியில் போட்டுக்கொண்டு கதறினேன். மெயின் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றிருந்த ஒரு டிரெய்லர் டிரைவர் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்க உதவினார். மதியத்துக்குள் நாற்றம் போய்விட்டது. ஜனங்கள் திரும்பி வந்து உலை வைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு என்னால் அந்தப் பூட்டைத் தொட முடியவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். "இந்த மாசத்தோட பாத்துக்க, அப்பறம் வேற ஆளப் போட்டுடுவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். அந்த நேரத்தில்தான் மெடிக்கல் போர்டிலிருந்து தேதி வந்தது. இதில் தோற்றால் நான் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், கதவைத் திரும்பப் பூட்ட வேண்டும். வேறு வழி எங்களுக்கு இல்லை.

அம்மா பயிற்சியை ஆரம்பித்தாள். நான் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். தம்பி "வாங்க" என்று ஆரம்பித்ததும் அம்மா அவன் வாயைப் பொத்துவாள். "பேசக் கூடாது நைனா. யார் வந்தாலும் பேசக் கூடாது." அவன் இடது கையை எடுத்து அவன் வாயிலேயே வைத்து அழுத்துவாள். முதலில் விளையாட்டு என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். மறுபடி மறுபடி "வாங்க" என்றான். ஒருநாள் அம்மா அவனைப் பளாரென்று அறைந்துவிட்டாள். அதற்கு முன்னால் அவள் அவனை அடித்து நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு வாயைப் பொத்திக்கொள்வது அவனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது.

போகிற நாளன்று குளிப்பாட்டவில்லை. சில நாள் தாடி. பொத்தான் அறுந்த பழைய சட்டை. எச்சில் வழிந்தபோது துடைக்கப் போன என் கையை அம்மா தட்டிவிட்டாள். ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போகையில் தெருவே பார்த்தது. அம்மா முந்தானையால் தன் முகத்தை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தோம். எங்களைப் போல வந்திருந்தவர்கள் எல்லாருடைய பிள்ளைகளும் அழுக்காக இருந்தார்கள். அந்தத் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா நல்ல மாதிரி. காலை மடக்கிப் பார்த்தார், கையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு குனிந்து, "வணக்கம் தம்பி" என்று சிரித்தார். தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. இடது கை மேலே எழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கதவும் பூட்டும் கீழ் இடுக்கில் இருந்த அவன் வாயும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. எழுந்த கை பாதியில் நின்றது. அம்மாவைப் பார்த்தான். பிறகு அந்தக் கையைத் தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச்சு வராதாம்மா?" என்றார் டாக்டர்.

"வராது மேடம்," என்றாள் அம்மா. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பணம் திரும்ப வந்தது. அம்மா இறாலுக்குப் போவதை நிறுத்தினாள், நான் கம்பெனிக்குத் திரும்பினேன். பூட்டைத் தூக்கிப் போடவில்லை, டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். மறுபடி எப்போது பார்க்க வருவார்கள் என்று யாருக்குத் தெரியும். அம்மா இப்போதும் அவனைக் குளிப்பாட்டிப் பவுடர் போடுகிறாள். ஆனால் சந்தில் பழக்கமில்லாத பைக் வந்து நின்றால் ஓடிப்போய் முந்தானையால் அந்தப் பவுடரைத் துடைத்துவிடுகிறாள்.

போன வாரம் சிலிண்டர் அண்ணன் வந்தார். தோளில் சிலிண்டரோடு வாசலில் நின்றுகொண்டு, "இன்னா நைனா, என்னைச் சாப்டியான்னு கேக்க மாட்டியா?" என்றார்.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"நம்ம சிலிண்டர் அண்ணன்டா, கேளு. இவர கேக்கலாம் நைனா," என்றாள் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கையை விலக்கப் பார்த்தாள். அவன் விரல்கள் வெளுக்கும்படி இன்னும் அழுத்திக்கொண்டான். கண்கள் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணன், "நான் சாப்ட்டேன் நைனா," என்று சொல்லிவிட்டு சிலிண்டரை இறக்கினார்.