ரேடியோ மாமனாரின் முகம்

1963ஆம் வருஷம் மே மாதம் 18ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறரை மணி. சிறுமலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை, ஒரே புழுக்கம். நத்தத்தைத் தாண்டி ஒரு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ச்சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதில் முதல் வரியில் கட்டைவிரல் அகல எழுத்தில் என் பெயர். முப்பத்தொரு வருஷம் நாடகத்தில் இருந்தும் என் பெயர் முதல் வரியில் வந்தது அதுதான் முதல் தடவை. பெயருக்குக் கீழே ஒரு படம் போட்டிருந்தார்கள். பெரிய மீசை, இரட்டை நாடி, பருத்த கழுத்து. எனக்கு இந்த மூன்றும் கிடையாது.

நான் ஐந்தடி இரண்டங்குலம், ஒல்லி. நாற்பது வயதிலிருந்து மூக்குக்கண்ணாடி. குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் கனமாக இருக்கும். நாடகக் கம்பெனியில் எனக்குக் கிடைத்ததெல்லாம் தாடி வைத்த வேஷங்கள்தான். முனிவர், மந்திரி, இரண்டாம் காட்சியில் செத்துப்போகும் அப்பா. ஒரு ராத்திரிக்கென்று ஆள் சேர்த்துப் போடும் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் போனபோதும் அப்படித்தான். நோட்டீஸில் "மற்றும் பலர்" என்று போடுவார்களே, அந்தப் பலரில் நான் ஒருவன். தாடியைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்கு வெளியே வந்தால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

ஐம்பத்தொன்பதாவது வயதில் திருச்சிக்குப் போய் ரேடியோவுக்குக் குரல் தேர்வு கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள். மகள் வீட்டோடு வந்து தங்கிக்கொண்டு, கிணற்றுக் கயிற்றிலிருந்து குழம்பின் உப்பு வரைக்கும் குறை சொல்லும் மாமனார் வேஷம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, புதன்கிழமை மாலை. "நான் வாயே தெறக்கலப்பு, எனக்கெதுக்கு வம்பு" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் வாயை மூட மாட்டார்.

என் மனைவிதான் முதலில் அபிப்பிராயம் சொன்னாள். "ஏங்க, இம்புட்டு வருசமா இதத்தான வீட்டுல சும்மா பேசிக்கிட்டிருக்கீங்க. இதுக்கா காசு குடுக்குறாங்க?"

ஒரு வருஷத்துக்குள் எங்கள் ஊர் முனிசிபல் பூங்காவில் ரேடியோவைச் சுற்றிப் புதன்கிழமைகளில் மட்டும் இடம் கிடைக்காது என்றானது. வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஆட்கள் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிப்பதை நானே பின் ஸீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒருநாள் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கேட்டேன். குனிந்து எடை போட்டுக்கொண்டிருந்த அம்மாள், "அட, மாமனாரு!" என்று நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும், "இப்பப் பேசுனாரே, அவரு எங்கய்யா போனாரு?" என்றாள்.

எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நத்தம் பக்கத்துத் திருவிழாக் கமிட்டியார் வெற்றிலை பாக்கில் பதினைந்து ரூபாய் அட்வான்ஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். நாடகம் பத்து மணிக்கு. அதற்கு முன்னால் எட்டு மணிக்கு நான் மட்டும் மேடையேறி மாமனாராகப் பேச வேண்டும். மொத்தம் எழுபத்தைந்து ரூபாய். தாடி, மீசை, அரிதாரம் எதுவும் இல்லாமல் என் முகத்தோடு மேடையில் நிற்கப்போகிறேன் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. போட்டோ எடுத்து, அதை நோட்டீஸில் அச்சடிக்க உலோகத்தில் பிளாக்கும் செய்து கொடுத்தேன், பன்னிரண்டு ரூபாய். பட்டு ஜிப்பா தைத்தேன், தையல் கூலியோடு பதினேழரை. அங்கவஸ்திரம் ஒன்பது ரூபாய். நாடகத்தன்று காலை முகச்சவரம் முப்பது நயா பைசா.

சுவரில் அந்த மீசையைப் பார்த்ததும், என் பிளாக் என்ன ஆயிற்று என்று கமிட்டித் தலைவரைக் கேட்டேன்.

"அச்சாபீசுல குடுத்தோங்கய்யா. அவரு பாத்துட்டு, 'இது ஆரு, மாமனாருக்குக் கணக்கெழுதுறவரா'ன்னாரு. புகையிலைக் கடைக்குச் செஞ்ச மீச பிளாக் ஒண்ணு அவருகிட்ட சும்மா கெடந்துச்சு. சனங்களுக்கு மாமனாருன்னு தெரியணுமில்ல?"

துணைக்கு வந்திருந்த தோல் மண்டி பாய் சிரித்தார். அவர் கடை ரேடியோவில்தான் நான் என் குரலையே கேட்பது. "விடுங்கண்ணே. பேரு ஒங்களது, மீச புகையிலக் கடைக்காரருது. கூட்டு யாவாரம்னு வச்சுக்குங்க."

எட்டு மணிக்கு மேடையேறினேன். எதிரே ஆயிரம் பேருக்குக் குறையாது. மைக்கில் முதல் வசனத்தைச் சொன்னேன். சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கிக் குழாயை மேடையில் கட்டாமல் அறுபதடி தள்ளிப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். என் வாய் மேடையில் அசைய, குரல் புளியமரத்திலிருந்து வந்தது. பாதிப் பேர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே, ரிக்கார்டு போட்டு ஏமாத்துறாய்ங்கடா!"

"நோட்டீசுல இருக்குற ஆளு எங்க? காசு பத்தலைன்னு தம்பிய அனுப்பிட்டாரா?"

மைக் செட்காரர் பதறிப்போய், தன் பெட்டியில் இருந்த இசைத்தட்டுகளையெல்லாம் தூக்கிக் காட்டினார். அது இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். நான் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தேன். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கு எட்டும்படி பேசிப் பழகிய தொண்டை. அதே வசனத்தை மறுபடி சொன்னேன்.

கூட்டம் அமைதியானது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார். "கொரலு அவருதாங்கய்யா, சந்தேகமில்ல. ஆனா ஒங்களப் பாத்துக்கிட்டே கேட்டா மாமனாரு வர மாட்டேங்குறாரு. தப்பா நெனைக்காதீங்க, செத்த நேரம் அந்தத் திரைக்குப் பின்னால போயிப் பேசுறீங்களா?"

"ஆமாய்யா, திரைக்குப் பின்னால!" என்று பல குரல்கள். யாரும் கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். கமிட்டித் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடியாது என்று சொல்லி, வாங்கிய பதினைந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பெரியவர் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. ஆயிரம் பேரும் மாமனாரைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னால் போனேன். திரையை இறக்கினார்கள். அரை மணி நேரம் என்றுதான் ஏற்பாடு. நாற்பது நிமிஷம் பேசினேன். என் ஆயுளில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. திரைத்துணியே அதிர்ந்தது. பத்து மணி நாடகத்துக்காக வந்து உள்ளே உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் மட்டும்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "ஜிப்பா எடுப்பா இருக்குண்ணே, எங்க தச்சீங்க?" என்றார். இடத்தைச் சொன்னேன்.

பேசிய பணத்தைக் குறையில்லாமல் கொடுத்து, ஒரு கூடை மாம்பழமும் தந்தார்கள். வழியனுப்ப வந்தவர்களில் ஒருவர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பச் சிரிச்சோங்க, மாமனாரே" என்றார். பாய்க்கு நல்ல மீசை, இரட்டை நாடி. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "அடுத்த வருசமும் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பாய் பஸ் ஏறினார்.

மறு வருஷமும் கூப்பிட்டார்கள், போனேன். அதற்கு மறு வருஷமும் போனேன். கட்டம் போட்ட பழைய சட்டையோடு நேராகத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். ஜிப்பா பெட்டியில் இருக்கிறது. பஸ் கட்டணம் வேறு கணக்கு. முகத்துக்காக நான் செலவழித்தது முப்பத்தெட்டு ரூபாய் எண்பது நயா பைசா.