ஹேகரின் மகன்

எங்கள் தீவில் படைவீரன் எவன் செத்தாலும் கல்லறையில் ஊதுகொம்பு ஊதியவர் ஏமஸ் காக்ஸம். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வாரம் ஐந்து நாள் பிள்ளைகளின் கூச்சலைச் சுமந்துகொண்டு சதுப்புநிலச் சாலையில் போய்வருவார். சனிக்கிழமையானால் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, ஓக் மரத்தடியில் தனியாக நின்று ஊதுவார். கடைசி உயர்ந்த சுரத்தில் கொஞ்சம் நிறுத்தி இறங்குவார். அந்த நிறுத்தத்தில்தான் விதவைகள் அழுவார்கள்.

பிற ஊர்களில் ஊதத் தெரிந்தவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள். கொம்புக்குள் பேட்டரியில் பாடும் பெட்டி ஒன்றைச் செருகி, உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏமஸுக்கு அது பெரிய வேடிக்கை. "பேட்டரி ஊதுது, மனுஷன் நடிக்கிறான். செத்தவன் ஒருத்தன்தான் உண்மையா படுத்திருக்கான்" என்பார்.

இருபத்தொன்பது வருஷம் அப்படி ஊதினார். 2018இல் படைவீரர் சங்கத்துக்குப் பினக்னி என்பவர் தலைவராக வந்தார். ஈராக்கில் இரண்டு முறை இருந்துவிட்டு வந்தவர். கெட்டவர் அல்ல, ஒழுங்குக்காரர். மரியாதை அணியில் நிற்கும் எல்லோரும் தங்கள் ராணுவ விடுவிப்புத் தாளின் நகலைக் கொடுக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் மறுநாளே கொடுத்தார்கள். ஏமஸ், பொய்ப்பல் கட்டியதால் இனி ஊத முடியாது என்று சொல்லிக் கொம்பைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

அவருடைய மனைவி வெர்டெல் லேசில் விடுகிற பெண் அல்ல. கணவரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "காக்ஸம், அந்தப் பல்லை வச்சுக்கிட்டு நேத்து நண்டு ஓட்டையே கடிச்ச. கொம்பு உன்னை என்ன பண்ணுச்சு?" என்று மூன்று நாள் குடைந்தாள். நாலாம் நாள் அவர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் விடுவிப்பின் தரம் என்ற இடத்தில் 'விரும்பத்தகாதவர்' என்று தட்டச்சு செய்திருந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் அதை அன்றுதான் பார்த்தாள்.

நடந்தது இதுதான். ஏமஸைப் பெற்றவள் அவருக்கு இரண்டு வயதாகும்போது வேலை தேடி பிலடெல்பியாவுக்குப் போனவள், திரும்பவில்லை. அப்பாவின் அக்கா ஹேகர் எடுத்து வளர்த்தாள். கையெழுத்து, கோர்ட்டு, தத்து என்று ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தோம். எவள் சோறு போட்டாளோ அவள் அம்மா. 1969இல் ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் 'அம்மா, ஹேகர்' என்றுதான் முதலில் எழுதினார். எழுத்தர், பிறப்புச் சான்றில் வேறு பெயர் இருக்கிறதே, பொய் எழுதினால் சிறை என்றார். பத்தொன்பது வயதுப் பையன் பயந்துபோய் 'அம்மா'வை அடித்துவிட்டு 'அத்தை' என்று எழுதினார்.

வியட்நாமில் ஒரு வருஷம் காயம்பட்டவர்களைத் தூக்கினார். உயிரோடு திரும்பி, மிச்சக் காலத்துக்கு ஜார்ஜியாவில் ஒரு முகாமில் இருந்தபோது ஹேகர் இறந்ததாகத் தந்தி வந்தது. அவர் விடுப்புக் கேட்டார். கேப்டன் கோப்பைப் புரட்டிவிட்டு, அத்தைக்கெல்லாம் விடுப்புக் கிடையாது என்றார். அன்று சாயங்காலமே ஏமஸ் பஸ் ஏறிவிட்டார். அம்மாவைப் புதைத்தார். புதைத்த பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. வீட்டுக்குள் படுக்க முடியவில்லை. ஓடையில் கட்டியிருந்த படகில் படுத்தார். ஐம்பத்து நான்கு நாள் கழித்து, யாரும் பிடிக்க வராதபோது, தானே சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்.

கேப்டன் இரண்டு வழி காட்டினார். ராணுவ நீதிமன்றம், அல்லது ஒரு கையெழுத்து. "இதுல போட்டுட்டு வீட்டுக்குப் போ. ஆறு மாசத்துல தானா நல்ல தாளா மாறிடும்" என்றார். இதே வாக்குறுதியை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களை எங்கள் மாவட்டத்திலேயே ஒரு டஜன் எண்ணலாம். அப்படி ஒரு சட்டம் என்றைக்கும் இருந்ததில்லை. எந்தத் தாளும் தானாக மாறுவதில்லை. போரில் காயம்பட்டவர்களைத் தூக்கியவன் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற அளவுக்குக்கூட அவனை மதிக்காதவர்கள், அவனை விரும்பத்தகாதவன் என்று எழுதினார்கள்.

ஏமஸ் நம்பினார். ஆறு மாதம் முடிந்ததும், எங்கோ ஒரு அலுவலகத்தில் மாறியிருக்கும் என்று நிம்மதியாக இருந்துவிட்டார். 1989இல் இருமல் விடாமல் பிடித்து, படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் வாசலில் இருந்த பெண் தாளைத் திருப்பிக் கொடுத்து, உங்களுக்கு இங்கே இடமில்லை என்றாள். மறுபரிசீலனை கேட்க என்ன வழி என்று விசாரித்தார். கெடு பதினைந்து வருஷம். அது முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மாதம்தான் அவர் முதல்முதலாகச் சாவுக்கு ஊதப் போனார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

தாளைப் பார்த்த வெர்டெல் சண்டை போடவில்லை. "ஊர்ல செத்தவனுக்கெல்லாம் ஊதுன. இந்தத் தாளோட செத்தா உனக்கு ஊத ஒரு நாதியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரை மாவட்டப் படைவீரர் உதவி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டிலோரிஸ் ஃப்ரேசியர் இருந்தாள். கெடுவை மன்னிக்கக்கூடிய இன்னொரு வாரியம் உண்டு என்றாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி, சவப்பெட்டிமேல் போர்த்தும் கொடி எதையும் ஏமஸ் சொல்லவில்லை. "நான் ஓடிப்போகல, மிஸ் டிலோரிஸ். அம்மாவைப் புதைக்கப் போனேன். அத எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார்.

அதற்குச் சாட்சி வேண்டும். பாஸ்டர், உண்மை ஆண்டவரின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, கவலைப்படாதே என்றார். அந்தப் புத்தகத்தின் நகலை எந்த அலுவலகத்திலும் வாங்கிக்கொள்வதில்லை. சர்ச்சின் பழைய செயலாளர் வீட்டு டிரங்குப் பெட்டிதான் உதவியது. எங்கள் சாவுகளில் இறந்தவரின் வாழ்க்கையை அச்சடித்துக் கையில் கொடுப்போம். யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. 1971 மார்ச் மாதத் தாள் கிடைத்தது. மங்கிய ஊதா மையில் ஹேகரின் படம், கீழே: 'இவரை இழந்து வாடுபவர், அன்பு மகன் ஏமஸ், ராணுவ வீரர்.'

பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பதாரரே 1969இல் அவரை அத்தை என்று குறிப்பிட்டிருக்கிறார், சாவுத்தாள் சட்டபூர்வ ஆவணம் அல்ல, நிராகரிக்கப்படுகிறது. அடிமைகளாயிருந்த எங்கள் பாட்டன் பூட்டன்களின் பெயரைக்கூட எழுதிவைக்காமல் ஆண், பெண், வயது என்று மட்டும் குறித்துக்கொண்ட நாடு, இப்போது எங்களிடம் ஆவணம் கேட்டது.

அதற்குள் ஏமஸின் நுரையீரலில் கட்டி கண்டிருந்தது. டிலோரிஸ் இரண்டாம் மனுவைத் தயாரித்தாள். போரிலிருந்து திரும்பியவருக்கு மனநோய் இருந்தது, அதனால்தான் முகாமை விட்டுப் போனார் என்று ஒரு மருத்துவரின் கடிதத்தோடு எழுதியிருந்தாள். இந்தக் காரணத்தை வாரியம் இப்போது ஏற்றுக்கொள்கிறது என்றாள். ஏமஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இதுல அம்மா எங்க இருக்கா?"

"அந்தக் காரணத்துல போன தடவ தோத்தோம், மிஸ்டர் ஏமஸ். கை நடுங்குனது, படகுல படுத்தது, இதெல்லாமும் உண்மைதானே?"

"உண்மைதான். அதெல்லாம் அவளப் புதைச்ச பெறகு. நான் கெளம்பினப்ப தெளிவாத்தான் இருந்தேன்." கொஞ்ச நேரம் இருமினார். "புத்தி கெட்டுப் போனேன்னா குடுப்பாங்க. அம்மா செத்ததால போனேன்னா குடுக்க மாட்டாங்க."

டிலோரிஸ் மனுவை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

வெர்டெல் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். "எனக்கு அந்த ஆஸ்பத்திரி வேணும், காக்ஸம். நீ மூச்சு வாங்குறத தெனம் கேக்க முடியல." அவர் அவளைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக, முன்னால் வைத்த தாளில்.

ஏழு மாதத்தில் கடிதம் வந்தது. முதல் பத்தியில், அவருடைய விடுவிப்பு 'கௌரவமானது' எனத் திருத்தப்படுகிறது என்று இருந்தது. வெர்டெல் அந்த இடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஏமஸ் மேலே படித்தார். அடுத்த பத்தி: தாயின் மரணத்துக்காகச் சென்றதாக முன்பு கூறியது பதிவேடுகளுக்கு முரணானது, அப்பெண் விண்ணப்பதாரரின் அத்தை, எனினும் அவரது மனநிலையைக் கருத்தில் கொண்டு இது வழங்கப்படுகிறது.

மறுநாள் நூலகத்துக்குப் போய் நகல் எடுத்தார். வெர்டெல் பக்கத்தில் நின்றாள். நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல், கீழ்ப்பாதியில், முதலில் ஹேகரின் சாவுத்தாளைக் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் கடிதத்தை, கீழ்ப்பாதி மறையும்படி வைத்து மூடினார். வெளியே வந்த நகலில் மேலே 'கௌரவமானது' என்று இருந்தது. கீழே ஹேகரின் முகமும் அன்பு மகனும் இருந்தார்கள்.

அதைச் சங்கத்தில் பினக்னியிடம் கொடுத்தார். பினக்னி இரண்டு தரம் பார்த்தார்.

"பிரதர் காக்ஸம், மேல உள்ளது புரியுது. கீழ இது என்ன?"

"அதுதான் காரணம்."

பினக்னி துளைக் கருவியை எடுத்தார். துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். அடுத்த சனிக்கிழமை ஒரு சாவு இருக்கிறது, வாருங்கள் என்றார். ஏமஸ் கொம்பை இறக்கித் துடைத்து, கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். நாலாவது சுரத்தில் மூச்சு அறுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி அறுந்தது. விதவை அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரம் இருந்தார். நல்ல படுக்கை, நல்ல நர்சுகள். முப்பது வருஷத்துக்கு முன்பு அந்த வாசலில் உள்ளே விட்டிருந்தால் வருஷா வருஷம் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்திருப்போம் என்று ஒரு டாக்டர் வெர்டெல்லிடம் சொன்னாராம். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

படைவீரர் கல்லறைத் தோட்டம் வேண்டாம், ஓடைக்கரையில் அம்மா பக்கத்தில் என்று சொல்லியிருந்தார். அங்கேதான் புதைத்தோம். ராணுவத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து கொடியை மடித்து வெர்டெல்லின் மடியில் வைத்தார்கள். ஒருவன் கொம்பை உதட்டில் வைத்துக்கொண்டான். பேட்டரி பிழையில்லாமல் ஊதியது. உயர்ந்த சுரத்தில் அது நிற்கவேயில்லை.

கல் அரசாங்கம் கொடுத்தது. பெயர், போர், தேதிகள். விண்ணப்பத்தில், விரும்பினால் ஒரு வரி சேர்க்கலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. வெர்டெல் அதில் 'அன்பு மகன்' என்று எழுதி அனுப்பினாள். யாருடைய மகன், ஆதாரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஹேகருக்குக் கல் இல்லை. மரப்பலகை வைத்தது மக்கிப் போய்விட்டது. புதைத்த அன்று எங்கள் வழக்கப்படி குழிமேல் வைத்த, கடைசியாக அவள் தண்ணீர் குடித்த நீலக் கோப்பையும் நின்றுபோன கடிகாரமும் மண்ணில் பாதி புதைந்து, அந்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.